ஏனென்று எழுதக்கூடாது

முருங்கைக்காயின் நுனியை ஒடித்து, தொங்கும் நாரை நகத்தால் பிடித்து இழுத்தால் சில காயில் அது அடிவரை ஒரே இழுப்பில் வந்துவிடும், சில காயில் பாதியிலேயே அறுந்துபோகும், அறுந்தால் மறுமுனையிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். எப்சிபாவுக்கு அறுந்துபோகிற காய்களின்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கோபம், சந்தோஷம் என்று எதுவுமே கொஞ்ச காலமாக இல்லை. கைக்கு வேலை இருந்தால் போதும், கை தன்பாட்டுக்கு ஓடும், அவள் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பாள். அருவாமனையைக் காலுக்கடியில் அமுக்கிக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் அவள் புருஷன் செல்வின் பைக் கழுவுகிற சத்தம் கேட்டது, குழாய்த் தண்ணீர் தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே நின்று, திரும்ப வந்து. கழுவி முடித்துச் சாப்பிட்டுவிட்டு அவன் டைல்ஸ் கடைக்குக் கிளம்பிவிடுவான். கிளம்பினால் ராத்திரிதான். ராத்திரி என்றால் அவ்வளவுதான், கேட்கவேண்டியதைக் கேட்க நேரம் தாண்டிப்போய்விடும். அதை நினைத்தபோதும் நார் மட்டும் கைக்கு வந்தது, பச்சையாக, நீளமாக, வழுவழுவென்று. அப்போதுதான் ஜாஸ்லின் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து அடுப்படி நிலையில் சாய்ந்தாள். ஜாஸ்லின் செல்வினின் தங்கை, நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு என்று இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள். பேச்சில், கேட்பதில், வாசிப்பதில் எல்லாம் தேறிவிட்டாள், எழுத்தில் மட்டும் ரெண்டு தடவையும் அரை மார்க்கில் நின்றுபோயிற்று. எழுத்திலும் கட்டுரை அவளுக்குத் தண்ணீர்பட்டபாடு. அந்தப் படம்தான் காலை வாருகிறது. கோடும் கட்டமுமாக ஒரு படத்தைக் கொடுத்து, இதைப் பார்க்காதவனுக்கு விளங்கும்படி எழுது என்கிறார்கள். “மைனி, ஒரு உபகாரம் செய்யணும். நான் படத்தப் பத்திச் சொல்லுவேன். நீங்க பாக்கப்படாது. நான் சொல்லுததக் கேட்டு அப்படியே வரையணும். நீங்க வரைஞ்சது படம் மாதிரி இருந்தா நான் எழுதினது சரின்னு அர்த்தம். கோச்சிங் சார் சொன்னாரு.” “எனக்கா? எனக்கு வரையத் தெரியாதே.” “கோடு போடத் தெரியும்லா.” “கை பிசுபிசுன்னு இருக்கு.” ஜாஸ்லின் குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தாள், சிரித்தாள். “அட, கையில வச்சிருக்கதே கோடுதான. முருங்கக்காய வச்சே காட்டுங்க. பொறவு சாம்பார்ல போட்டுக்கிடலாம், நான் பெயிலானாலும் சாம்பார் பாஸாவும்.”

சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது, எப்சிபா சிரித்தாள். சிரிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, அதே நீளத்துக்கு இன்னொரு துண்டு என்று வெட்டினாள், அளவு தப்பவில்லை. தகட்டை வைத்து பீடி இலை வெட்டி வளர்ந்த கை, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி அம்மா பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்த கை. அம்மா இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள், இல்லை, இன்றைக்கு உட்கார்ந்திருக்கமாட்டாள், உட்கார முடியவில்லை என்று போனில் சொன்னாளே. கர்ப்பப்பையை எடுக்கவேண்டுமாம். நாளைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன், கூட இருக்க ஒரு பொம்பளை ஆள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். “நீ வராத மக்கா, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க அலைவ. பக்கத்து வீட்டு சொர்ணம் வாரேன்னு சொல்லியிருக்கா,” என்றாள் அம்மா. அம்மா வராதே என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எப்சிபாவுக்குத் தெரியும், அப்பா சாவதற்கு முன்னால் அப்பாவும் அதையேதான் சொன்னார். புதன்கிழமை செல்வினுக்குச் சோறு போடும்போது கேட்டாள். அவன் ரசத்தைப் பிசைந்துகொண்டே “பாப்போம்” என்றான். வெள்ளிக்கிழமை திரும்பக் கேட்டபோது “பாப்போம்னு சொன்னேன்லா” என்றான். அவன் மோசமானவன் இல்லை, ஒருநாளும் கை ஓங்கினதில்லை, பிள்ளைக்குச் சளி என்றால் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவான். பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் இல்லை, சரி என்றும் அர்த்தம் இல்லை, ஒரு கதவைத் திறக்கவும் இல்லாமல் சாத்தவும் இல்லாமல் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறமாதிரி, இந்தப் பக்கம் நிற்கிறவளுக்குக் கால் மரத்துப்போகிறவரை. அப்பாவுக்கு மஞ்சக்காமாலை முற்றினபோதும் பாப்போம்தான். அப்போது அவள் வயிற்றுப்பிள்ளைக்காரி. பஸ்ஸில் குலுங்கும், ஆஸ்பத்திரியில் என்னென்ன காற்று வீசுமோ, எல்லாம் நல்ல காரணங்கள். பாப்போம் பாப்போம் என்றிருக்கையில் போன் வந்தது. அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை, உடனே கார் பிடித்தான், பெரிய மாலை வாங்கினான், மாமியும், செல்வினின் அம்மா, கூட வந்தாள், ஊரே சொல்லிற்று, நல்ல மருமகன் என்று. அப்பா கோயில்குட்டி, சர்ச்சில் மணி அடிக்கிற வேலை, ஊரில் யார் செத்தாலும் அவர்தான் துக்கமணி அடிப்பார், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு வேறு யாரோ அடித்தார்கள். அவசரமாக அடித்தார்கள். கார் ஊருக்குள் நுழையும்போது அந்த மணிதான் கேட்டது, இது தப்பாக அடிக்கிறார்களே என்று மட்டும் தோன்றியது, அழுகை வரவில்லை. “அழுதுருளா, அழுதுரு, நெஞ்சு அடைச்சிரும்” என்று பெண்கள் முதுகைத் தட்டினார்கள். தட்டத் தட்ட முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

“ரெடியா மைனி? ஒரு நாட்டுல கலியாணமான பொம்பளைங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்காவ. நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போறதுக்கு யாரு முடிவெடுக்கான்னு. நாலு கோடு. சொல்லட்டா?” எப்சிபாவின் கையில் இருந்த துண்டு கையிலேயே இருந்தது. அம்மா வீட்டுக்கு என்றா சொன்னாள். ஜாஸ்லினுக்கு அம்மாவின் ஆபரேஷன் தெரியும், பாப்போம் தெரியாது, அது செல்வினுக்குச் சோறு போடும்போது, ஜாஸ்லின் இல்லாத நேரத்தில் நடந்தது. ஜாஸ்லின் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை, புத்தகத்தில் இருக்கிறதைச் சொல்லுகிறாள், ஏதோ ஒரு நாடு, பெயர்கூட இல்லாத நாடு. “முதல் கோடு, பொண்டாட்டியே முடிவெடுக்கது, ஒன்பது புள்ளி நாலு. ரெண்டாவது கோடு, ரெண்டு பேரும் சேந்து, நாப்பத்தெட்டு புள்ளி ஆறு. மூணாவது, புருஷன் மட்டும், முப்பது புள்ளி எட்டு. நாலாவது, வீட்டுல வேற யாராவது, பதினொண்ணு புள்ளி ரெண்டு. வச்சாச்சா?” எங்கே வைப்பது. புள்ளி நாலு என்பதற்கு முருங்கைக்காயில் எவ்வளவு வெட்டுவது. எப்சிபா ஒரு துண்டை வைத்தாள், எடுத்தாள், இன்னொன்றை வைத்தாள், முதலில் சொன்னது எது பிறகு சொன்னது எது என்று எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது. “எனக்குப் பிடிபடல ஜாஸ்லின். நீ சொல்லுதது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது பெருசு எது சிறுசுன்னே தெரியல.” ஜாஸ்லின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இதத்தான் அந்த சாரும் சொன்னாரு மைனி. நீ மளிகைச் சிட்ட வாசிக்க மாதிரி எழுதியிருக்கம்மா, இருக்க நம்பரு எல்லாத்தயும் கொட்டாத, எது தூக்கலாத் தெரியுதோ அத முதல்ல சொல்லு, பொறவு ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டுச் சொல்லுன்னு.” புத்தகத்தின் ஓரத்தில் அவர் சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “அதுகூடப் பரவால்ல. போன தடவ இதே படத்துக்கு நான் எழுதின தாள்ல பாதிய அடிச்சிட்டாரு. ஏன்னு எழுதிட்டேன். புருஷன் மட்டும் முடிவெடுக்கது ஏன் சேந்து எடுக்கதவிடக் கொறவுன்னா பொம்பளைங்க படிச்சிட்டாங்க, வேலைக்குப் போறாங்கன்னு ரெண்டு வரி. படத்துல அது எங்கம்மா இருக்குன்னு கேக்காரு. இல்லதான். ஏறிச்சுன்னா ஏறிச்சுன்னு எழுது, எறங்கிச்சுன்னா எறங்கிச்சுன்னு எழுது, ஏன்னு எழுதாத, உன் அபிப்பிராயம் யாரும் கேக்கலங்காரு. சவம், ஏன்னு எழுதாட்டி எனக்குக் கை நிக்க மாட்டேங்கு. இத்தனைக்கும் வார்டுல நாள் பூரா இதத்தான் செஞ்சோம், காய்ச்சல் சார்ட்டுல ஏறுமுகம் எறங்குமுகம் போடுவோம், ஏன்னு எழுதினா டாக்டர் ஏசுவாரு. இங்க வந்து வாய் நீளுது.” ஏன்னு எழுதக்கூடாதா. எப்சிபா அதைக் கேட்டுக்கொண்டாள். கேட்டதைத் திரும்ப ஒரு தடவை உள்ளே சொல்லிப் பார்த்தாள், ஏறிச்சு என்றால் ஏறிச்சு, இறங்கிச்சு என்றால் இறங்கிச்சு. அப்பாவுக்குக் காமாலை ஏறிற்று. பிறகு இறக்கினார்கள், குழிக்குள். நடுவில் அவள் போகவில்லை. இப்படிச் சொன்னால் பரீட்சையில் மார்க்கு போடுவார்களா, போடுவார்கள், ஏனென்று ஒரு வார்த்தை இல்லையே. இத்தனை மாசமாக உள்ளே ஒன்றும் அசையாமல் கிடக்கிறதே, அதுவும் இப்படித்தான் இருக்கிறது, கோடு மட்டும், காரணம் இல்லாத கோடு.

அவளையும் ஒரு தடவை கேட்டார்கள். அதை மறந்தே போயிருந்தாள், மறந்தது என்று இல்லை, எங்கேயோ கிடந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண், இவள் வயசுதான் இருக்கும், கையில் சிலேட்டு மாதிரி ஒரு கணினி, கணக்கெடுப்பு என்று வீடுவீடாக வந்து கேள்வி கேட்டாள். கழிப்பறை உண்டா, என்ன அடுப்பு, எத்தனை வயதில் கலியாணம். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மாமி காப்பி கொடுத்தாள். அந்தப் பெண் மெதுவாக, “அம்மா, கொஞ்சம் தனியாப் பேசணும், அடுத்த கேள்விகள் இவங்ககிட்ட மட்டும்தான் கேக்கணும்” என்றாள். “நான் என்ன வேத்தாளா? எனக்குத் தெரியாத ரகசியம் இவகிட்ட என்ன இருக்கு? கேளும்மா, சும்மா கேளு” என்று மாமி சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியும் மோசமானவள் இல்லை, அவளுக்கு உண்மையிலேயே அது வேடிக்கையாக இருந்தது. அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள், காப்பியைக் கீழே வைத்தாள், கேட்டாள். உங்க அம்மா வீட்டுக்குப் போறதா இருந்தா யாரு முடிவு எடுப்பாங்க, நீங்களா, வீட்டுக்காரரா, ரெண்டு பேரும் சேந்தா, வேற யாருமா. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம் அது. அதே வாரம். எப்சிபா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளேயிருந்து பிள்ளை உதைத்தது, சேலை அசைந்தது, அதை அந்தப் பெண்ணும் பார்த்தாள். “எங்க வீட்டுல எல்லாம் சேந்துதாம்மா” என்றாள் மாமி. “அவங்க சொல்லணும்மா.” எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மூன்றுபேர் பார்க்கிறமாதிரி இருந்தது, வயிற்றில் இருப்பதையும் சேர்த்து. “சேந்து,” என்றாள். அந்தப் பெண் விரலால் ஒரு தொடு தொட்டாள், சத்தமே இல்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அப்போது அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. விருந்தாளியிடம் சாப்பிட்டாச்சு என்று சொல்லுகிறோமே அந்தமாதிரி ஒரு மரியாதைச் சொல். ஆனால் இப்போது தோன்றுகிறது, அந்தத் தொடு எங்கே போயிருக்கும், இந்தமாதிரிதானே ஒரு புத்தகத்துக்குப் போயிருக்கும், ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு நர்ஸ் பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, பெரும்பாலான பெண்கள் சேர்ந்தே முடிவெடுக்கிறார்கள் என்று எழுதிப் பழகுவாள், அந்தக் கோட்டுக்குள்ளே, அந்த உயரத்தில் ஒரு மயிரிழை அளவுக்கு எப்சிபா நிற்பாள், வயிற்றுப்பிள்ளையோடு, அப்பாவைப் பார்க்காமல். அந்த நர்ஸ் பிள்ளைக்கு அது தெரியாது. தெரிந்தாலும் எழுதக்கூடாது.

“மைனி, தூங்கிட்டியளா? திரும்பச் சொல்லுதேன், இந்தத் தடவ சார் சொன்ன மாதிரி.” ஜாஸ்லின் தொண்டையைச் செருமிக்கொண்டாள், சர்ச்சில் பாடம் வாசிக்கப் போகிறவள்மாதிரி நிமிர்ந்தாள். “ஒட்டுமொத்தமாப் பாத்தா, சேந்து முடிவெடுக்கோம்னு சொன்னவங்கதான் ரொம்ப அதிகம், கிட்டத்தட்டப் பாதி. தானா முடிவெடுக்கவங்கதான் ரொம்பக் கொறவு. சரியா? பத்துத் துண்டு எடுத்துக்கிடுங்க. சேந்துங்கதுக்கு அஞ்சு. அதுக்கு அடுத்தது புருஷன் மட்டும், மூணு. மத்த ரெண்டும் ஏறக்குறைய சமம், பத்துல ஒண்ணு ஒண்ணுதான் தேறும். அவ்வளவுதான். இப்ப வைங்க பாப்போம்.” அந்தச் சொல் ஜாஸ்லின் வாயிலிருந்தும் வந்தது, இந்த வீட்டில் எல்லோர் வாயிலும் இருக்கிறது, ஒன்றும் நினைக்காமல் சொல்லுகிற சொல். எப்சிபா வைத்தாள். இந்தத் தடவை கை தடுமாறவில்லை, ஜாஸ்லின் சொன்னது கண்ணுக்கு முன்னால் நின்றது, பெரிசு, அடுத்தது, ரெண்டு குட்டை. தானாக என்பதற்கு ஒரு துண்டு. அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தாம்பாளத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு. யார் இவர்கள், பத்தில் ஒருத்தி, அவர்களுக்கு என்ன வாய் இருக்கும், எப்படி எழுந்து எப்படிச் செருப்பை மாட்டுவார்கள். புருஷன் மட்டும், மூன்று. வேறு யாராவது, ஒன்று. சேர்ந்து என்பதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வைத்தாள். ஐந்தாவது துண்டு விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது. ஜாஸ்லின் புத்தகத்தை ஒரு கண்ணாலும் தாம்பாளத்தை ஒரு கண்ணாலும் பார்த்தாள், உற்சாகமாகிவிட்டாள். “ஆமா மைனி, அப்படியே இருக்கு! எனக்கே நம்ப முடியல. ஆனா சேந்துல ஒண்ணு கொறையுதே. நான் சொன்னது தப்பா, நீங்க வச்சது தப்பா?” “கையில இருக்கு.” “அத ஏன் கையில வச்சிருக்கிய? அடுக்குங்க.” எப்சிபா துண்டைப் பார்த்தாள். நகம் பட்ட இடத்தில் பச்சை கசிந்திருந்தது. கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை, கேட்டாள், “பாப்போம்னு சொன்னா, அத எந்தக் கோட்டுல சேப்பாங்க?” ஜாஸ்லின் சிரிக்க வாயைத் திறந்தாள், சிரிக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள், தண்ணீர்ச் சத்தம் அங்கே விழுந்துகொண்டிருந்தது. “அதுக்குக் கோடு கிடையாது மைனி,” என்றாள். குரலைத் தணித்து, “அண்ணன் இன்னும் ஒண்ணும் சொல்லலியா? நாளைக்குச் சேக்கணும்லா? நான் வேணா போய்ச் சொல்லட்டா? நான் சொன்னா கேப்பான்.” கேட்பான். ஜாஸ்லின் சொன்னால் செல்வின் கேட்பான், சரி போயிட்டு வா என்பான், மாமியும் ஒத்துக்கொள்வாள், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். எப்சிபா தாம்பாளத்தின் நான்காவது கோட்டைப் பார்த்தாள், வேறு யாராவது. “வேண்டாம்,” என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “நீ படி.”

ஜாஸ்லின் நிலையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பேனா தாளில் உரசியது, பாதியில் நிற்கும், ஜாஸ்லின் ஒரு வரியை அடிப்பாள், உதட்டுக்குள் “ஏன்னு வேண்டாம், ஏன்னு வேண்டாம்” என்பாள், திரும்ப எழுதுவாள். எப்சிபா அடுத்த காயை எடுத்தாள். நாலு காய்தான் மிச்சம், இல்லை, எண்ண வேண்டாம். கேட்டுவிடவேண்டும். எப்படிக் கேட்பது, அம்மாவுக்கு ஆபரேஷன், கூட இருக்க ஆள் இல்லை, அதனால நான் போகட்டா என்று கேட்கலாம், கேட்டாயிற்று, அதற்கு மாமி உள்ளே இருந்தே பதில் சொன்னாளே, சொர்ணம் இருக்காள்லா மக்கா, அவ கெட்டிக்காரிலா என்று. சொர்ணத்துக்கு முழங்கால் வலி, ராத்திரி முழித்து இருக்கமாட்டாள், அதனால என்று சொன்னால், ராத்திரி முழிக்கிறதுக்கு அங்க நர்சுங்க இருக்காவ, நம்ம ஜாஸ்லின் மாதிரி பிள்ளைங்க தங்கமாப் பாத்துக்கிடுவாவ என்பாள். பிள்ளையை நான் தூக்கிட்டே போறேன், அது அழாது என்றால், ஆஸ்பத்திரிக் காத்து பச்சப்பிள்ளைக்கு ஆகுமா என்பாள். ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்துருதேன் என்றால், ஒரு நாளைக்காக எதுக்கு இந்த அலைச்சல், அம்மா வீட்டுக்கு வந்தப்பொறவு பத்து நாள் நிம்மதியாப் போயி இருந்துட்டு வாயேன் என்பான் அவன், அன்பாகத்தான் சொல்லுவான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு, கோயிலுக்குப் போகாம எங்க கெளம்புத என்று ஒன்று வரும். அவள் ஒரு காரணம் வைத்தால் அவர்கள் அதை மெதுவாக எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஒரு காரணத்தை அந்த இடத்தில் வைக்கிறார்கள், யாரும் சத்தம் போடுவதில்லை, கடைசியில் அவளிடம் காரணமே இல்லாமல் போய்விடுகிறது, காரணம் இல்லாதவள் எப்படிப் போவாள், அடுப்படிக்குத்தான் போவாள். அப்பாவுக்கும் இப்படித்தான், எத்தனை காரணம் சொன்னாள், கண்ணு மஞ்சளாயிட்டாம், என்னையத் தேடுதாராம், ராத்திரி பேரச் சொல்லிக் கூப்பிட்டாராம், எல்லாம் ஒன்றொன்றாகப் போயிற்று. தேடுறாரு என்கிறதுக்குக்கூட ஒரு பதில் இருந்தது, என்ன பதில் அது, மறந்துவிட்டது, நல்ல பதில்தான். இப்போது அம்மாவைச் சக்கரக் கட்டிலில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்ப்பாள், சொர்ணத்தின் முகம் தெரியும், சரி, திங்கட்கிழமை ராத்திரி ஒரு போன் வரும், எல்லாம் நல்லபடி முடிஞ்சிட்டு என்று வரும், அப்படித்தான் வரும், வேறு மாதிரி வந்தால் செல்வின் கார் பிடிப்பான், பெரிய மாலை. அந்த மாலையின் வாசனை, சம்பங்கி, திடீரென்று அடுப்படிக்குள் வந்தது, முருங்கைக்காய் வாசனையை மூடிக்கொண்டு. இத்தனை மாசத்தில் முதல் தடவையாக உடம்பில் ஏதோ ஒன்று அசைந்தது, பயமா என்று பார்த்தாள், பயம்தான், பயமாவது இருக்கிறதே. “ஏன்னு வேண்டாம்” என்றாள் ஜாஸ்லின் தாளிடம். வாசலில் தண்ணீர் நின்றது. பைக்கை ஸ்டாண்டில் தூக்கி வைக்கிற சத்தம். “எப்சி! சோறு ஆச்சா? நேரமாயிட்டு, கெளம்பணும்.” ஆச்சு என்று சொல்லவேண்டும், இன்னும் சாம்பார் கொதிக்கவில்லை என்று சொல்லவேண்டும், சாம்பார் கொதிக்காததற்குக் காரணம் சொல்லவேண்டும். எப்சிபா உட்கார்ந்த இடத்திலிருந்தே, அருவாமனையிலிருந்து காலை எடுக்காமலே, வாயைத் திறந்தாள். அவள் குரல் அடுப்படியைத் தாண்டி இதுவரை போனதில்லை. “நாளைக்கு நான் அம்மாகிட்ட போறேன்.” முன்னறையில் மாமியின் கட்டில் கிறீச்சிட்டது. பேனா நின்றது. ஜாஸ்லின் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஏம்மா, திடீர்னு என்ன? சொர்ணம் வரலியாமா?” என்றாள் மாமி அங்கிருந்து, குரலில் கோபம் இல்லை, கவலைதான், அந்தக் கவலை ரொம்பக் கஷ்டமானது. ஏன்னா, என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, சொர்ணத்துக்கு முழங்கால் வலி, இல்லை, அம்மா பயப்படுதா, இல்லை, அப்பாவைத்தான் பாக்கல, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெஞ்சிலிருந்து ஏறி வந்து பல்லுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றன, ஒன்றை வெளியே விட்டால் எல்லாம் வந்துவிடும், வந்தால் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பதில் காத்திருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு காயை ரெண்டாக வெட்டினாள். இன்னொன்றை வெட்டினாள். வீடு முழுக்க அந்தக் கேள்வி நின்றது, பதில் இல்லாமல், மாமிக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, எப்சிபாவுக்கு அது நன்றாகக் கேட்டது, மாமிக்குத் தெரியவில்லை என்பது. தொட்டிலில் பிள்ளை புரண்டு படுத்தது. பிறகு செல்வின் வாசலிலிருந்து கூப்பிட்டான், “எப்சி. இங்க வா.” அது என்ன குரல் என்று பிடிபடவில்லை, கோபமா இல்லையா, இதுவரை அவன் அவளிடம் அந்தக் குரலில் பேசினதில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள், மடியில் கிடந்த நார் எல்லாம் தரையில் விழுந்தது, ஜாஸ்லினைத் தாண்டும்போது அவள் காலைச் சுருக்கி வழி விட்டாள், முன்னறை, மாமியின் முகம், அதைப் பார்க்க வேண்டாம், வெயில் தெரிகிற வாசல், பைக்குப் பக்கத்துல அவிய ஈரக்கையோட நிப்பாவ, ஏன்னு கேப்பாவ, கேட்டா கேக்கட்டும், பாப்போம்னு சொன்னா சொல்லட்டும், நான் திரும்ப ஒருக்கா அதையேதான் சொல்லுவேன், அதுக்கு மேல ஒரு சொல்லு கிடையாது, நாளைக்குக் காலையில பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் அம்மாகிட்ட போறேன்.